ஜுரமில்லாத நோயாளி

மதராஸிலிருந்து வந்த கப்பல் போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் வந்து நின்றபோது அதில் பாதிப் பேருக்கு ஜுரம். 1957-ம் வருஷம், ஜூன் தொடக்கம். மதராஸில் அந்த ஜுரம் ஏற்கெனவே தெருத்தெருவாகப் பரவியிருந்தது. மருத்துவ மாணவர்களின் விடுதியில் அறைக்கு ஒருவர் படுத்துவிட, விடுமுறையை முன்கூட்டியே விட்டு எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கப்பலில் வந்தவர்களில் மருத்துவம் படிக்கும் தீவுக்காரர்கள் இரண்டு பேர்.

ஒருத்தி சந்திரமதி. நான்காம் வருஷம். ஹேடோ சரக்குக் கிடங்கில் காவல் வேலை பார்த்த ஜம்புலிங்கத்தின் மகள். தீவு தண்டனைக் கைதிகளின் இடமாக இருந்த காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். மற்றவன் உதயசூரியன். மூன்றாம் வருஷம். அவன் அப்பா கிருஷ்ணமூர்த்தி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மரக் கான்ட்ராக்டில் முன்னுக்கு வந்தவர். இரண்டு பேரும் தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில், அரசாங்க உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பலைச் சோதிக்க வந்த டாக்டர் திருநாவுக்கரசு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி மேல்தளத்திலேயே நின்றுகொண்டார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தீவுக்கு மாற்றியதைத் தனக்குத் தந்த தண்டனையாகவே அவர் நினைத்தார்; அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டவும் செய்தார். ஜுரக்காரர்களை ஊருக்குள் விட முடியாது, துறையிலிருக்கும் காலிக் கிடங்கில் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று கப்பல் அதிகாரி கேட்டதும் அவர் கண் இந்த இரண்டு பேர் மேல் விழுந்தது.

தான் இன்னும் பரீட்சைகூட முடிக்கவில்லை என்று சந்திரமதி சொல்லிப் பார்த்தாள். உதயசூரியன், தான் வார்டுக்குப் போக ஆரம்பித்தே சில மாதம்தான் ஆகிறது என்றான்.

"உங்களைப் படிக்க வைக்கறது கவர்மென்ட்" என்றார் டாக்டர். "ஓடணும்னு நெனச்சா அந்த சீட்டும் உங்க பின்னாடியே ஓடிடும். நான் ஒரு வரி எழுதினா போதும்."

கிடங்கைச் சுற்றி மூங்கில் வேலி கட்டினார்கள். வேலிக்கு வெளியே ஒரு போலீஸ்காரன் நின்றான். உள்ளே தகரக் கூரை, ஈரத் தரை, பழைய அரிசிச் சாக்கின் நாற்றம். பெண்கள் பக்கத்தைச் சாக்குத் திரை போட்டுப் பிரித்தார்கள். பெங்காலிக் குடியேறிகள், மலையாளிகள், கூலிக்கு வந்த தெலுங்கர்கள் என்று எல்லோரும் வரிசையாகப் போட்ட கட்டில்களில் கிடந்து ஒருவர் முகத்தில் ஒருவர் இருமினார்கள். மழை பிடித்துக்கொண்டதும் கூரைச் சத்தத்தில் யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது. டாக்டர் காலையில் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமாகக் கணக்குக் கேட்பார். யாருக்கு என்ன கொடுப்பது என்று அங்கிருந்தே கத்துவார். ஒருநாளும் உள்ளே வரவில்லை.

வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறவன் பீப்பாயைத் தூரத்திலேயே உருட்டிவிட்டுப் போனான். பாதி வழியிலேயே சிந்தியது. துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் கிடங்கைக் கடக்கும்போது காறித் துப்பினார்கள். "பீமாரி ஜஹாஜ்", நோய்க் கப்பல் என்று அந்தக் கப்பலுக்கே பெயர் வைத்துவிட்டார்கள். சந்திரமதி சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முகங்கள் அவை. அவள் வேலியருகே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

ஜம்புலிங்கம் மட்டும் தினமும் டிபன் கேரியரில் சோறு கொண்டுவந்தார். போலீஸ்காரன் பார்க்காத நேரத்தில் மூங்கில் இடுக்கு வழியாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வராதீங்க என்று சந்திரமதி சொல்வாள். மறுநாளும் வருவார்.

முதலில் இறந்தது ஒரு பெங்காலிக் கிழவர். இரண்டு பக்கமும் நெஞ்சு கட்டிவிட்டது. மூச்சு வாங்கவே முடியவில்லை. பென்சிலின் போடச் சொல்லி டாக்டர் கத்தினார். உதயசூரியன் போட்டான். ஊசியைக் கொதிக்க வைத்ததிலிருந்து மருந்து ஏற்றியது வரை சந்திரமதி பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் கிழவர் போய்விட்டார்.

மறுநாள் காலை இதைக் கேட்டதும் டாக்டர் எல்லோர் காதிலும் விழும்படி உதயசூரியனைக் கூப்பிட்டார்.

"டேய், வந்தவுடனே ஒருத்தனைக் கொன்னுட்டியா? சந்தோஷமா?"

தப்பு ஒன்றும் நடக்கவில்லை என்று சந்திரமதி சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவர் பேச்சு தன் மேல் திரும்பும் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவன் மாறிப்போனான். ஊசியைக் கொதிக்க வைத்து எடுப்பான். மறுபடியும் போட்டுக் கொதிக்க வைப்பான். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும். பினாயில் கலந்த தண்ணீரில் கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து தொங்கியது. சந்திரமதி எங்கே போனாலும் பின்னாலேயே வந்து கேட்டான்: "அக்கா, நான் போட்ட இடம் சரிதானே? அளவு சரிதானே? நீங்க பாத்தீங்கல்ல?" முதலில் ஆமாம் என்றாள். நூறு தடவை கேட்டான். நூறு தடவை ஆமாம் சொல்லியும் அவன் கேட்பது நிற்கவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் வைத்திருந்து யாருக்காவது கொடுத்துவிடுவான். எப்போது பார்த்தாலும் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அவளுக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவளும்தான் தூங்கவில்லை. படுத்தால் பக்கத்திலிருப்பவர்களின் மூச்சை எண்ணத் தொடங்கிவிடுவாள், நிறுத்த முடியாது. யாராவது இறந்தால் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. துணியை இழுத்து மூடிவிட்டு அடுத்தவரிடம் போனாள். இப்படி மரத்துப்போனதை நல்லதென்றே நினைத்துக்கொண்டாள். அவன் வேலையும் சேர்ந்து தன் தலையில் விழுவதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒருநாள் ஒரு பெண்ணுக்கு ஊசி போடச் சொன்னபோது, கை நடுங்குகிறது, முடியாது என்றான்.

"எல்லாருக்கும்தான் நடுங்குது" என்றாள் சந்திரமதி. "நீ பெரிய வீட்டுப் பிள்ளை, அதனால உன் நடுக்கத்தை நாங்க எல்லாரும் நின்னு பாக்கணுமா? நடிக்காதே. போய் வேலையைப் பாரு."

அவன் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். அதற்குப் பிறகு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று அவள் நினைத்தாள்.

அந்த வாரம் ஜுரம் வேலியைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது. ஜம்புலிங்கம் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றார். அவருக்குப் பின்னாலேயே அடுத்த குவார்ட்டர்ஸ் பொன்னம்மா வந்தாள். பொன்னம்மாவின் கணவர் துறையில் கிரேன் ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. சந்திரமதி ஊருக்கு வரும்போதெல்லாம் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த குழந்தை.

பொன்னம்மா அழவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"உங்கப்பன் தினம் உன்னைப் பாக்க இங்க வந்தான். இங்கேருந்து நேரா எங்க வீட்டு வாசலுக்கு வந்து என் புள்ளையக் கொஞ்சினான். அவனுக்கு புக்கார் வந்துச்சு. அப்புறம் அவளுக்கு வந்துச்சு. அவன் எழுந்து நிக்கறான். அவ போயிட்டா. இல்லேன்னு சொல்லு பாக்கலாம். நீதான் டாக்டருக்குப் படிக்கறியே, சொல்லு."

இல்லை என்று சொல்ல சந்திரமதியால் முடியவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று அவள் படித்த படிப்பே சொன்னது. ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் கையிலிருந்த டிபன் கேரியரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனிமேல் இந்தப் பக்கம் வந்தால் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் கத்தினாள். அவர் திரும்பிப் போனார். குழந்தையை நினைத்து அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில், உதயசூரியனைக் காணவில்லை.

போலீஸ்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். வேலியின் பின்பக்கம் இரண்டு மூங்கில் விலகியிருந்தது. சந்திரமதி எட்டிப் பார்த்தபோது துறையின் நுனியில், படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், அவன் நின்றுகொண்டிருந்தான். தனக்கு நீச்சல் தெரியாதென்று கப்பலிலேயே அவளிடம் சொல்லியிருந்தான். துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டார்கள். அவன் கிடங்கு ஆள் என்று தெரிந்ததும் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். "வாபஸ் ஜா! இங்க வராதே!" என்று கத்தினார்கள். யாரும் அவன் பக்கம் போகவில்லை. அவன் அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் ஒவ்வொரு படியாக இறங்கினான். இடுப்பு மறைந்தது. பிறகு தலை மறைந்தது.

வேலியை எப்படித் தாண்டினோம் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. புடவையோடு குதித்தாள். ஹேடோவில் பிறந்தவளுக்கு அந்தத் தண்ணீர் புதிதல்ல. ஆனால் அவன் அவளைப் பிடித்து உள்ளே இழுத்தான். கை வைத்த இடமெல்லாம் தள்ளினான். தன்னை விட்டுவிடச் சொல்லிக் காதுக்குள் கெஞ்சினான். அவன் தலைமயிரைப் பற்றி இழுத்து, பாசி பிடித்த ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, கை கொடுங்கள் என்று மேலே பார்த்துக் கத்தினாள். மேலே நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜம்புலிங்கம் ஒரு கப்பல் கயிற்றை இழுத்துவந்தார். அவரைத் தடுக்க இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். அந்தப் பலவீனத்திலும் அவர் அவர்களை உதறிவிட்டுக் கயிற்றை வீசினார். தனியாளாகவே இழுத்தார்.

படியில் கிடந்து இருவரும் உப்புத் தண்ணீரைக் கக்கினார்கள். கூட்டத்தில் பொன்னம்மாவும் இருந்தாள்.

"என் புள்ளைய எடுத்துக்கிட்டது போதாதா?" என்றாள். "இப்ப சமுத்திரத்தையும் கெடுக்க வந்தீங்களா?"

டாக்டர் திருநாவுக்கரசு வந்து சேர்ந்தபோது சந்திரமதி அவனைத் திரும்பக் கிடங்குக்குள் கொண்டுபோய் ஒரு காலிக் கட்டிலில் படுக்க வைத்திருந்தாள். வேலிக்கு வெளியே நின்றபடி அவர் இதை நாடகம் என்றார். வேலையிலிருந்து தப்பிக்க இந்தப் பையன்கள் செய்யும் தந்திரம் தனக்குத் தெரியும் என்றார்.

"அவனுக்கு உடம்பு சரியில்லை சார்" என்றாள் சந்திரமதி. "அவனை நோயாளியாச் சேத்துக்கணும்."

"ஜுரம் இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன நோய்?"

"தூங்காம, சாப்பிடாம, சாகறதுக்குப் போனான் சார். உங்களுக்கு இது நோயாத் தெரியலையா?"

"பைத்தியம்னு சொல்லு. அப்ப கட்டிலோட சேத்துக் கட்டிப் போடு." போலீஸ்காரனைப் பார்த்து, உள்ளே போய் அவனைக் கட்டும்படி சொன்னார்.

சந்திரமதி வாசலை விட்டு விலகி நின்றாள்.

"வாங்க" என்றாள் போலீஸ்காரனிடம். "தொட்டாத்தானே கட்ட முடியும்? வந்து தொடுங்க. சார், நீங்களும் வாங்க. ரெண்டு பேருமாப் பிடிச்சுக் கட்டுங்க."

போலீஸ்காரன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் வரவில்லை. இதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

தூக்க மருந்துகள் இருந்த பெட்டி மட்டும் பூட்டியே வந்திருந்தது; சாவி டாக்டரிடம் இருந்தது. அந்தப் பூட்டைச் சந்திரமதி ஒரு கல்லால் உடைத்தாள். தூக்க மாத்திரையை எடுத்து உதயசூரியனுக்குக் கொடுத்தாள். அவன் அன்று பகல் முழுவதும் தூங்கினான், மறுநாளும் தூங்கினான். விழித்தபோது கஞ்சி கொடுத்தாள்; பாதி குடித்தான். கையில் தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றினாள். அவனைத் தனியே விடப் பயந்து, திரைக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜுரம் தணிந்து எழுந்திருந்த ஒரு மலையாளிக் கிழவியை அவன் கட்டிலருகே உட்கார்த்திவிட்டுப் போனாள். வேலை முழுவதையும் அவள் ஒருத்தியே செய்தாள். டாக்டர் காலையில் வந்து கத்தும்போது பதிலே சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

ஜுரம் வந்த வேகத்திலேயே வடிந்தது. கிடங்கைக் காலி செய்தார்கள். கிருஷ்ணமூர்த்தி ஜீப்பில் வந்து மகனை அழைத்துப்போனார். சந்திரமதியைப் பார்த்து, பக்கத்திலேயே இருந்தும் என் பையன் இப்படி ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாயே என்று கேட்டார். வடக்கே ரங்கத் என்ற ஊரில் அவருக்கு மர டிப்போ இருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து, படகில் ஏற்றி மகனை அங்கே அனுப்பிவிட்டார். ஆனாலும் ஹேடோவில் பிள்ளைகள் "பாகல் டாக்டர்", பைத்தியக்கார டாக்டர் என்று பாடிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் சொன்னபடியே செய்தார். ஆகஸ்டில் போர்ட் பிளேரில் விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் திருநாவுக்கரசு ஒவ்வொன்றாகச் சொன்னார். காவலை மீறி வெளியே வந்தாள். அரசாங்க மருந்துப் பெட்டியை உடைத்தாள். மயக்க மருந்தை எடுத்து, நோய் எதுவும் இல்லாத ஓர் ஆணுக்குக் கொடுத்து, அவன் பக்கத்திலேயே இருந்தாள். கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அதிகாரிகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார்.

கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சொன்னதற்கு ஒத்துப் பேசினார். பையனுக்கு ஒன்றும் இல்லை. புழுக்கம் தாங்காமல் கடலில் குளிக்கப் போனான், கால் வழுக்கிவிட்டது என்றார். அப்படிச் சொன்னால்தான் மகனுடைய சீட் நிற்கும். நாளைக்குப் பெண் கொடுப்பார்கள். அப்படியானால் சந்திரமதி பூட்டை உடைத்ததற்குக் காரணமே இல்லை. தன் படிப்பு அதோடு முடிந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னதை அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள், எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியில் உதயசூரியனைக் கூப்பிட்டார்கள். அவனுக்காக அப்பாவே பேசிவிட்டாரே, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பேருக்குக் கேட்டார்கள். உடம்பு பாதியாகியிருந்தான். எழுந்து நின்றான்.

"நான் குளிக்கப் போகலை" என்றான். "சாகறதுக்குப் போனேன்."

கிருஷ்ணமூர்த்தி அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"எனக்கு ஜுரம் இல்லை. ஆனா உடம்பு சரியில்லாமத்தான் இருந்தேன். இன்னும் சரியாகலை. இவர் ஒருநாள்கூட உள்ள வந்து பாக்கலை. பாத்திருந்தா அந்தக் கிழவரை நான் கொல்லலைன்னு இவருக்கே தெரிஞ்சிருக்கும். என்னைக் கட்டிப் போடச் சொன்னார். இவங்க மருந்து கொடுத்தாங்க. அதான் நடந்தது."

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி, இதெல்லாம் பதிவானால் உன்னால் திரும்பப் படிக்கப் போக முடியாது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான்.

வெளியே வராந்தாவில் கிருஷ்ணமூர்த்தி மகனிடம் பேசாமல் கடந்து போனார். உதயசூரியன் தூணருகே தனியாக நின்றான். சந்திரமதி அவனிடம் போய் நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"உனக்காகச் சொல்லலை" என்றான். அக்கா என்று கூப்பிடவில்லை. "அந்த ஆள் பொய் சொன்னான், எங்கப்பா பொய் சொன்னார். அதுக்காகச் சொன்னேன். நீயும்தான் நடிக்காதேன்னு சொன்னே. தண்ணிக்குள்ள இறங்கறப்ப அதான் காதுல கேட்டுது."

மன்னித்துக்கொள் என்று சொல்வது மிகச் சின்னதாகப் பட்டது. வேறொன்று கேட்டாள்: "இப்ப தூங்கறியா?"

"கொஞ்சம்" என்றான். "நீ?"

"இல்லை" என்றாள் சந்திரமதி. "கிடங்கை விட்டு வந்ததுலேருந்து இல்லை. படுத்தா யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. பொன்னம்மா வீட்டுப் பக்கம் ஜன்னலைத் திறக்க முடியலை. யார்கிட்டயும் சொல்லலை."

அவன் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் சினேகம் இல்லை. ஆனால் பார்வையை விலக்கவில்லை.

"சொல்லு" என்றான். "யார்கிட்டயாவது சொல்லு. நான் சொல்லாம இருந்துட்டேன்."

ரங்கத் படகுக்கு நேரமாகிவிட்டது என்று போனான்.

டாக்டர் திருநாவுக்கரசின் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தபடியே மெயின்லேண்டுக்கு மாற்றல் கிடைத்துப் போய்விட்டார். உதயசூரியனின் சீட்டை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். சந்திரமதியின் உதவித்தொகையை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள், சீட்டை எடுக்கவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவள் ஹேடோவில் அப்பாவோடு இருந்தாள். பொன்னம்மா கடைசிவரை அவளோடு பேசவில்லை. குழாயடியில் சந்திரமதி நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று சந்திரமதி இருந்தாள்.

அடுத்த வருஷம் மதராஸ் திரும்பியதும், மனநோய் வார்டில் பாடம் எடுத்த வயதான பேராசிரியையை வகுப்பு முடிந்த பிறகு தேடிப் போனாள். ஏதோ சந்தேகம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் புத்தகத்தைத் திறந்தார். பாடத்தில் சந்தேகம் இல்லை என்றாள் சந்திரமதி. ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லத் தொடங்கிய பிறகுதான் அழுகை வந்தது. பேராசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.